நான் வாசித்த துண்டு

நான் பாமசிக்காரன். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகும் வீதியில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கிறேன். மருந்தாளர் பரீட்சை எழுதிப் பதிவு பெற்றவன். அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் காது வடியும் பிள்ளைகளுக்கு டொக்டரின் துண்டு இல்லாமல் துளிமருந்து விற்றுவந்தேன். ஒரு பிள்ளையின் விஷயத்தில் அதைவிடப் பெரிய பிழை செய்தேன். டொக்டர் எழுதிய துண்டே என் கைக்கு வந்தது. வாசித்தேன். அதில் இருந்ததை மறைத்து வேறொன்றைச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் வலது காதில் கேட்கும் சக்தி பெரும்பகுதி போய்விட்டது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. காது எப்படி வேலை செய்கிறது, எந்த மருந்து எந்த இடத்தில் தீங்கு செய்யும் என்பதெல்லாம் படித்துத்தான் அந்தச் சான்றிதழை வாங்கினேன்.

மார்க்கத்தில் எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லித்தந்த ஒரு விஷயம் உண்டு. அல்லாஹ்வுக்குச் செய்யவேண்டியதில் தவறினால் அவனிடம் அழுது கேட்கலாம். அடியானுக்கு அடியான் செய்த அநியாயம், அதாவது ஹக்குல் இபாத், பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் தீராது. கேட்கவேண்டியவர்களிடம் போய்க் கேட்டுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கடையைப் போன்ற கடைகள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கின்றன. அங்கெல்லாம் அதே குப்பி அதே மாதிரிக் கைமாறுகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது வடிவதை யாரும் நோயென்று எடுப்பதில்லை. "சின்னதுல எல்லாப் புள்ளைக்கும் வடியுந்தானே, வளர நிண்டுரும்" என்பார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. நடக்கத் தொடங்கிய பிள்ளை தண்ணீரில்தான் வளர்கிறது. ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் களப்பில் குதிப்பார்கள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டே குதிக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காது குத்து என்று வந்தால் பழியைக் காற்றின் மேல் போட்டுவிடுவோம். வீட்டில் தேங்காய் எண்ணெயில் உள்ளியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி இளஞ்சூட்டில் விடுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் என் கடைக்கு வருவார்கள்.

எனக்கும் சிறு வயதில் வடிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முகாமில் ஓலைக் குடிசை, ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும். ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தால் வரிசை முழுவதற்கும் வரும். நெரிசலும் அடுப்புப் புகையும் ஓயாத தடிமனும் பிள்ளையின் நடுக்காதைப் பழுதாக்கும் என்பதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது எங்கள் குடிசை வரிசைதான் நினைவுக்கு வந்தது. என் உம்மா எண்ணெய் விட்டார். வடிந்தது, நின்றது. நான் வளர்ந்து படித்து ஆளாகிவிட்டேன். அந்த நினைப்பை எத்தனையோ தாய்மாருக்கு மருந்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்: "எனக்கும் வடிஞ்சதுதான் தங்கச்சி, பயப்படாதீங்க." என் காதுச் சவ்வு தானாக மூடிக்கொண்டது எனக்குக் கிடைத்த பாக்கியம். அதை எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான விதியைப் போலச் சொன்னேன்.

சின்னப் பிள்ளைக்கு நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் பெரியவர்களுடையதைவிடக் கட்டையாகவும் கிடையாகவும் இருக்கும். தடிமன் பிடித்தால் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமி எளிதில் அந்த வழியே ஏறும். நடுக்காதில் சீழ் கட்டும். அமுக்கம் தாங்காமல் சவ்வில் ஓட்டை விழுந்து சீழ் வெளியே வரும். அந்த நேரத்தில் வலி சட்டென்று குறைந்துவிடும். பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். தாய் நிம்மதியடைவாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஓட்டை ஆறிவிடும். சிலருக்கு ஆறாது. 14 நாளோ அதற்கு மேலோ வடிந்தால் அது நாட்பட்ட காது நோய் என்பது உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதார ஊழியருக்கும் சொல்லித்தரும் சாதாரணக் கணக்கு. அப்படியான பிள்ளையை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனால் காது மருந்து கேட்டு வந்த எவரிடமும் "எத்தனை நாளா வடியுது?" என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் மருந்தை விற்க முடியாது.

நான் விற்ற மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜென்டமைசின், நியோமைசின் போன்றவை கலந்த துளிமருந்துகள் விலை குறைவு, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாம். இந்த வகை மருந்துகள் உள்காதின் நுண்ணிய மயிர்க்கலங்களைக் கொல்லக்கூடியவை. இறந்த கலங்கள் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. சவ்வு முழுதாக இருந்தால் மருந்து வெளியிலேயே நின்றுவிடும். ஓட்டை இருந்தால் உள்ளே போகும். நாட்பட்டு வடிகிற காதென்றால் சவ்வில் ஓட்டை இருக்கிறது என்றுதானே பெரும்பாலும் அர்த்தம். ஓட்டை உள்ள காதுக்கு சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்து பாதுகாப்பானது, அதையும் வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்று பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். இன்னொன்றும் உண்டு. காதுக்குள் சீழ் நிறைந்திருக்கும்போது அதன் மேல் எந்த மருந்தை விட்டாலும் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாது. முதலில் துடைத்து உலர்த்தவேண்டும். இதையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. குப்பியைக் கடதாசிப் பையில் போட்டு, "மூணு துளி, மூணு நேரம்" என்று நீட்டினேன்.

அந்தப் பிள்ளையை அதன் உம்மம்மாதான் வளர்த்தார். உம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வாப்பா கடலுக்குப் போய்வருவார், சில மாதங்களில் பத்தலங்குண்டுத் தீவிலேயே வாடியடித்துத் தங்கிவிடுவார். உம்மம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போவார். காலையில் தோட்டத்துக்குப் போகிற வழியில் கடை வாசலில் நிற்பார், உள்ளே ஏறமாட்டார், காலில் மண். "மகன், புள்ளட காது திரும்பவும் வடியுது. அந்த மருந்துல ஒண்டு தாங்க." நான் எடுத்துக் கொடுப்பேன். காசு இல்லாத நாளில் கொப்பியில் எழுதிக்கொள்வேன். இரண்டு காதும் மாறி மாறி வடிந்தது, வலதுதான் அதிகம். மருந்து விட்டால் சில கிழமை நிற்கும். பிறகு தொடங்கும். அந்த நிற்றலும் தொடங்கலுமே நோய் வேரூன்றிவிட்டதற்கு அடையாளம். எனக்கு அது ஒழுங்காக வரும் வியாபாரமாகத்தான் தெரிந்தது.

என் மனைவி பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பாள். இந்தப் பிள்ளையும் வரும். எப்போதும் முன்னுக்கு வந்து, தலையைக் கொஞ்சம் சரித்து, ஓதிக்கொடுப்பவளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் இரவு சாப்பாட்டில் மனைவி சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு ஸீனும் ஷீனும் ஸாதும் ஒண்டாத்தான் வருது. நான் கிதாபுப் பக்கம் குனிஞ்சு சொன்னா எதையுமே புடிக்குதில்ல. காது கேக்குதில்லயோ தெரியல்ல, நீங்கதானே மருந்து குடுக்கிறீங்க, பாருங்களேன்."

நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "பல்லு விழுற வயசு, அப்புடித்தான் ஓதும்."

ஓட்டை விழுந்த காதுக்குச் சத்தம் அறவே கேட்காமல் போகாது. 30, 40 டெசிபெல் வரைக்கும் குறைந்து கேட்கலாம். பேசுகிறார்கள் என்பது தெரியும். அகரமும் ஆகாரமும் உரத்த ஒலிகள், அவை வந்து சேரும். காற்றோடு இழைந்து வரும் மெல்லிய எழுத்துகள் வழியிலேயே நின்றுவிடும். ஸீனையும் ஷீனையும் பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய இழைவுதான். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில், கொரோனாவுக்குப் பிறகு டீச்சரின் வாயும் முகக்கவசத்துக்குள் போயிருந்த அந்தக் காலத்தில், இந்தப் பிள்ளை பாடத்தில் பாதியை ஊகித்துத்தான் படித்திருக்கும். குர்ஆன் எழுத்துகளைக் காதால் கேட்டே தெரிந்து வைத்திருக்கும் என் மனைவிக்கு ஒரு கிழமையில் புரிந்தது. காதைப் பற்றிப் படித்த நான் அதைப் பல்லின் தலையில் போட்டேன்.

பிறகு துண்டு வந்தது. 2022ஆம் ஆண்டு. பிள்ளை முதலாம் வகுப்பு. எங்கள் நாட்டில் 1, 4, 7, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து பள்ளிக்கூடத்திலேயே பரிசோதிப்பார்கள். நிறை, உயரம், பல், கண், காது எல்லாம் பார்ப்பார்கள். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். உம்மம்மா அந்தக் கடதாசியை நாலாக மடித்து, முந்தானையில் முடிந்து, என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"இதுல என்ன மகன் எழுதியிருக்கு?"

இரண்டு காதிலும் நாட்பட்ட வடிதல், கேட்கும் திறன் சோதிக்கப்படவேண்டும், ஈஎன்டி கிளினிக்கில் காட்டவும் என்று எழுதி, கையொப்பமும் இட்டிருந்தது. மூன்று வரி. நான் வாசித்தேன். வாசித்துவிட்டுச் சொன்னேன்: "காதுக்கு மருந்து போடச் சொல்லியிருக்காங்க மாமி. போடுங்க. நிக்காட்டிப் பாப்பம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அப்போது என்னிடம் காரணம் இருந்தது. நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசை. பஸ் குறைவு. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. கற்பிட்டிப் பக்கத்திலிருந்து புத்தளத்துக்கே 40 கிலோமீற்றருக்கு மேல் வரும். போனால் உம்மம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், கிளினிக்கில் திகதி கொடுத்தால் இன்னொரு நாளும் போகும். அந்த ஏழைப் பெண்ணை அலைக்கழிக்காமல் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தில் பொய் இல்லை. வரிசைகள் இருந்தன, கூலி போயிருக்கும்.

அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தப் பிள்ளை ஈஎன்டி டொக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி "இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க, யார் தந்தது?" என்பதாக இருக்கும். உம்மம்மா என் கடையின் பெயரைச் சொல்வார். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். பெற்றோல் வரிசையைக் காட்டி அந்தப் பயத்தை எனக்கே தெரியாமல் மூடிவைத்தேன் என்று எழுத ஆசைப்படுகிறேன். அப்படி எழுதினால் அதுவும் பொய். தெரிந்தே மூடினேன்.

படிப்பறிவில்லாத ஒரு மனிதர் தன் பிள்ளையைப் பற்றிய கடதாசியை உன் கையில் தந்து வாசிக்கச் சொன்னால் அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். மருந்தில் செய்த பிழைக்கு அவசரம், பழக்கம், ஊர் வழக்கம் என்று நூறு பெயர் வைக்கலாம். இதற்கு மோசடி என்ற பெயர்தான் உண்டு.

2024இன் தொடக்கத்தில் பிள்ளையும் உம்மம்மாவுமாகக் கடைக்கு வந்தார்கள். காது நோவு, தலையிடி. பிள்ளையைக் கதிரையில் இருத்திவிட்டுக் குனிந்தேன். வாடை வந்தது. எங்கள் கரையில் வாடைக்குப் பஞ்சமில்லை. கருவாடு காய்கிற வாடிகளைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்கே போகிறோம். இது வேறு, எலும்பு அழுகும் வாடை. வடிதல் குறைந்திருந்தது. காதுக் குழியில் ஈரம் கொஞ்சம்தான். சீழ் குறைந்து வாடை கூடினால் பயப்படவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தவர் சொன்னது அந்த இடத்திலேயே ஞாபகம் வந்தது. அன்றைக்கே என் வேனில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் கருவியால் காதுக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு காலம் இப்படி இருக்கு? யார் மருந்து தந்தது?" உம்மம்மா "பாமசில வாங்கினது" என்றார். எந்தப் பாமசி என்று டொக்டர் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். வாய் திறக்கவில்லை. உம்மம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என்னைக் காப்பாற்றுகிற எண்ணத்தில்தான் அப்படி நின்றார் என்று நினைக்கிறேன். அந்த நாளில் நான் செய்தவற்றில் அப்படி வாய் திறக்காமல் நின்றதை நினைக்கத்தான் இப்போதும் எனக்கு மிகவும் கூசுகிறது.

பிள்ளைக்கு வந்திருந்த நோயின் பெயர் கொலெஸ்டியட்டோமா. புற்றுநோய் இல்லை. சவ்வின் வெளிப்பக்கத்துத் தோல் நடுக்காதுக்குள் புகுந்து, அங்கே உரிந்து உரிந்து சேர்ந்து, ஒரு முத்துப் போல வளரும். வளர வளரச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்திருப்போமே, அந்த மூன்று சிற்றெலும்புகளைத்தான் முதலில் தின்னும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. அதைத் தொட்டால் வாய் கோணும். மேலே மூளைக்கு இடையில் இருப்பது மெல்லிய எலும்பு. அது அரிந்தால் மூளைக்காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி. மருந்தால் இதைக் கரைக்க முடியாது. வெட்டி எடுக்கவேண்டும்.

கொழும்பில் மஸ்டொயிட் சத்திரசிகிச்சை நடந்தது. காதுக்குப் பின்னால் வெட்டி, எலும்பைக் குடைந்து, நோயை எடுத்தார்கள். இந்தச் சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் உயிரைக் காப்பாற்றுவது, காதை உலர்ந்த காதாக ஆக்குவது. கேட்பது அதற்குப் பிறகுதான். சிற்றெலும்பில் இரண்டு அரிபட்டுப் போயிருந்தன. பிறகு செவிப்புலன் பரிசோதனையில் உள்காதிலும் ஒரு பங்கு இழப்பு இருப்பது தெரிந்தது. நோயும் அதைச் செய்யும், சில துளிமருந்துகளும் அதைச் செய்யும், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று டொக்டர் விளக்கினார். அவர் யாரையும் குற்றம் சொல்லிப் பேசவில்லை. அந்தப் பங்கை நான் என் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். இடது காதில் ஓட்டை மட்டும்தான். அது நன்றாக உலர்ந்திருந்தால் இழையத் துண்டு வைத்து மூடலாம் என்கிறார்கள். அதுவரை அந்த ஒரு காதால்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. வகுப்பில் முன் வரிசையில் வலது ஓரத்தில் இருத்தியிருக்கிறார்கள், இடது காது டீச்சர் பக்கம் வருகிற மாதிரி.

2022இல் அந்தத் துண்டோடு போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? காதை உறிஞ்சித் துப்புரவாக்கியிருப்பார்கள். சரியான மருந்து கொடுத்திருப்பார்கள். சவ்வு உள்ளே இழுபட்டிருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்திருப்பார்கள். கேட்கும் திறனை அளந்து பள்ளிக்கூடத்துக்கு அறிவித்திருப்பார்கள். பெரிய செலவும் இல்லை, அரச ஆஸ்பத்திரியில் அத்தனையும் இலவசம். பிள்ளைகளுக்கு வரும் செவிப்புலன் இழப்பில் 60 வீதத்துக்குக் கிட்ட தடுக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவிப்புலன் அறிக்கையில் சொல்கிறது. இந்த நாடு தன் பங்கை எவ்வளவோ செய்திருக்கிறது. கர்ப்பத்திலேயே பிள்ளையைச் செவிடாக்கும் ருபெல்லாவைச் சின்னமுத்தோடு சேர்த்து ஊசி போட்டே ஒழித்த நாடு என்று 2020இல் சான்று பெற்றது. குடும்பநல மாது வீடு தேடி வருகிறார். பள்ளிக்கூடத்தில் பரிசோதிக்கிறார்கள். இத்தனையும் கடந்து ஒரு பிள்ளை சரியான வாசலுக்குப் போகும் வழியில் நடுவில் என் கடை இருந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு உம்மம்மாவிடம் போய்ச் சொன்னேன். துண்டில் என்ன எழுதியிருந்தது என்பதையும், நான் என்ன சொன்னேன் என்பதையும், கிளினிக்கில் வாயை மூடி நின்றதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க என்ன செய்வீங்க மகன், அல்லாட நாட்டம். நீங்கதானே வேன்ல கொண்டு போனீங்க" என்றார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் திரும்பியிருக்கலாம். அது அவர் தன் நல்ல மனத்தால் சொன்னது. அந்தப் பிள்ளையின் தாய் சொன்னதில்லை.

தாயோடு இமோவில் பேசினேன். குவைத்தில் அப்போது இரவு, வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை. "துண்டு வந்தது உம்மா எனக்குச் சொல்லவே இல்லயே நானா. நான் மாசா மாசம் கேட்டேனே, காது எப்புடி எண்டு. பாமசி நானா மருந்து தாராரு, நல்லாருக்கு எண்டுதான் உம்மா சொன்னாங்க. நீங்க பாக்கிறீங்க எண்டுதான் நான் இங்க நிம்மதியா இருந்தன்." மன்னிப்புக் கேட்டேன். "இப்ப என்னால சொல்ல ஏலாது" என்றாள். அது சரியான பதில். அவள் ஊருக்கு வரும்போது நேரில் போய்த் திரும்பவும் கேட்பேன். அப்போதும் அவள் அதையே சொன்னால் அதுவும் அவளுடைய உரிமை.

இப்போது காது மருந்து கேட்டு வருகிறவரிடம் முதலில் நாளைக் கேட்கிறேன். இரண்டு கிழமை தாண்டியிருந்தால் குப்பி எடுப்பதில்லை. துண்டில்லாமல் எப்படியும் எடுப்பதில்லை. சுத்தமான மெல்லிய பருத்தித் துணியையோ டிஷூவையோ திரி போல முறுக்கிக் காதுக் குழியில் மெதுவாக வைத்து, நனைந்ததும் எடுத்து, புதுத் திரி வைத்து, உலரும்வரை இப்படிச் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தரமாவது செய்யவேண்டும். காதுக் குச்சி வேண்டாம், அது சீழை உள்ளே தள்ளும். எண்ணெய் வேண்டாம், எங்கள் வெக்கைக்கு எண்ணெய் ஊறிய காதில் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். தாய்ப்பாலும் காதில் விடவேண்டாம். அது குடிக்கத்தான், குடித்தால் காது நோய் வருவது குறையும். பிள்ளையை மல்லாத்திப் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுத்தால் பால் அந்தக் கட்டைக் குழாய் வழியே காதுப்பக்கம் ஏறும் என்பதையும் சொல்கிறேன். களப்பில் குளிப்பதை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் என்னை எதிரியாகப் பார்க்கிறார்கள். வீட்டில் தலைக்கு வார்க்கும்போது பஞ்சில் வசலின் தடவி வைக்கலாம். மூழ்கி முக்குளிப்பதற்கு அது போதாது. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தால், வாய் கோணினால், தலை சுற்றினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வாடை வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிள்ளை டிவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், ஓதும்போது எழுத்துகள் குழம்பினால் "கவனமில்லாத புள்ள" என்று அடிப்பதற்கு முன் காதைக் காட்டச் சொல்கிறேன். இதை என் மனைவிதான் எனக்குக் கற்றுத்தந்தாள். இப்போது அவள் ஓதவரும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பின்னால் நின்று மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பார்க்கிறாள். அப்படிப் பார்த்ததில் இரண்டு பிள்ளைகளைக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறோம்.

வருமானம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். காது மருந்தில் வரும் லாபம் எப்போதும் சொற்பம்தான். அந்தச் சொற்பத்துக்காக நான் முன்பு அந்தப் பிழையைச் செய்யவில்லை. வாசலில் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பாத நல்ல மனிதன் என்று ஊரில் எனக்கு இருந்த பெயருக்காகச் செய்தேன். இப்போது வெறுங்கையோடு அனுப்பும்போது சிலர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

முழுக்கத் திருந்திவிட்டேன் என்றும் இதில் எழுத முடியாது. போன மாதம் ஒரு தாய் கைக்குழந்தையோடு மழையில் வந்தாள். இன்னொரு பிள்ளைக்குக் காது வடிகிறதாம். புருஷன் கடலில். பஸ்ஸுக்கும் காசில்லை. அழுதாள். ஒரு குப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாளைக் கேட்டேன், திரி முறையைச் சொன்னேன், புதன்கிழமை கிளினிக்குக்குப் போகப் பஸ் காசும் கொடுத்தேன், போய்விட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். இருந்தும் குப்பியைக் கொடுத்தேன். அந்தத் தாய் இன்னும் திரும்பி வரவில்லை. வீடு திகழிப் பக்கம் என்று மட்டும் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டி, தொழுகை முடிந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு தேடிப் போகிறேன்.